இனிய நாள்களின் ஆங்கிலத் தொடர்களை ரஷ்ய மொழிக்குக் கொண்டுசெல்லும் கருவிகள்: ஒரு மதிப்புரை

மகிழ்ச்சியான ஒரு நாளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சில வரிகளை ரஷ்ய மொழியில் சொல்ல வேண்டியவருக்கு இன்று கருவிகளுக்குப் பஞ்சமில்லை. கூகுள், யாண்டெக்ஸ், டீப்எல் ஆகிய இயந்திர மொழிபெயர்ப்பிகள் நொடிப்பொழுதில் ஒரு விடையைத் தருகின்றன. மல்டித்ரான் என்னும் இணைய அகராதி ஒரே தொடருக்குப் பல விடைகளை அடுக்கி வைக்கிறது. ரஷ்ய மொழியில் எழுதப்பட்டவற்றையும் பேசப்பட்டவற்றையும் தேடிப் பார்க்கும் வகையில் திரட்டி வைத்த பெருந்தொகுப்பான தேசியத் தரவகமோ விடை எதையும் தராமல், ஒரு தொடரை எழுத்தாளர்களும் இதழாளர்களும் எந்த ஆண்டில், எந்தச் சூழலில், எப்படிக் கையாண்டார்கள் என்பதை மட்டும் எடுத்துக் காட்டுகிறது. இவற்றுள் பயன்படுத்தச் சற்றுக் கடினமானதும் தமிழ் வாசகர் பலர் கேள்விப்படாததுமான அந்தத் தரவகமே இந்தக் குறிப்பிட்ட வேலைக்கு மிகவும் பொருத்தமானது என்பது என் மதிப்பீடு. அதற்கான காரணங்களை விளக்குவதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

பிறந்தநாள் வாழ்த்து, திருமண விருந்துக்குப் பின் எழுதும் நன்றிக் கடிதம், பழைய நண்பருக்கு நினைவுகளைப் பகிர்ந்து எழுதும் மடல் ஆகியவற்றில் வரும் ஆங்கிலத் தொடர்களையே சோதனைக்கு எடுத்துக்கொண்டேன். இத்தகைய எழுத்தில் பொருள் தவறுவது அரிது. பொருள் சரியாக இருந்தும் தொனி பிசகுவதே வழக்கமான குறை. எல்லாச் சொற்களும் சரியாக இருக்கும், வாக்கியத்தில் இலக்கணப் பிழையும் இருக்காது. ஆனாலும் வாழ்த்தைப் பெற்றவர் இது வேற்றுமொழியிலிருந்து வந்தது என்று முதல் வரியிலேயே கண்டுகொள்வார்.

முதலில் இயந்திரங்களுக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடலாம். கூகுளின் மொழிபெயர்ப்புச் சேவை 2006இல் தொடங்கியபோது, ஐக்கிய நாடுகள் அவை போன்ற அமைப்புகளின் பன்மொழி ஆவணங்களிலிருந்து புள்ளியியல் முறையில் கற்றுக்கொண்டது. அறிக்கைகளும் தீர்மானங்களும் நிறைந்த அத்தகைய ஆவணங்களில் பிறந்தநாள் வாழ்த்துக்கு இடமேது? 2017 மார்ச்சில் ரஷ்ய மொழிக்கும், வாக்கியத்தை முழுதாக எடுத்துக்கொண்டு பெயர்க்கும் நரம்பணு வலைப்பின்னல் முறை வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 2011இல் தொடங்கிய யாண்டெக்ஸின் மொழிபெயர்ப்பியும் அதே 2017இல் அம்முறையைச் சேர்த்துக்கொண்டது. டீப்எல் சேவையில் ரஷ்ய மொழி 2018இன் இறுதியில் இடம்பெற்றது. இன்று "மெனி ஹேப்பி ரிட்டர்ன்ஸ் ஆஃப் தி டே" என்று உள்ளிட்டால், பல முறை திரும்பி வருதல் என்ற வேடிக்கையான சொல்லடுக்கு வருவது அரிது. "ஸ் த்ன்யோம் ரஜ்தேனியா" என்று ரஷ்யர்கள் உண்மையில் சொல்லும் பிறந்தநாள் வாழ்த்தே பெரும்பாலும் கிடைக்கிறது. மட்டற்ற மகிழ்ச்சியைக் குறிக்கும் "ஆன் கிளவுட் நைன்" என்பதற்கு ஒன்பதாம் மேகத்தைத் தேடாமல் "ந ஸெத்மோம் நேபெ", அதாவது ஏழாம் வானத்தில், என்ற இணை கிடைக்கிறது. "குட் ஓல்ட் டேஸ்" என்பதில் நல்லது முன்னும் பழையது பின்னும் வர, ரஷ்ய மொழியின் "ஸ்தாரியெ தோப்ரியெ வ்ரெமெனா" என்பதில் பழையது முன்னும் நல்லது பின்னும் வருகிறது. நாள்கள் என்பதும் காலங்கள் என்று மாறிவிடுகிறது. இந்த இடமாற்றத்தையும் இயந்திரங்கள் அறிந்திருக்கின்றன. ஆகவே உறைந்த மரபுத்தொடர்களில் இயந்திரத்தை நம்பலாம்.

சிக்கல் தொடங்குவது எளிய வாக்கியங்களில். "ஐ ஹேட் எ வொண்டர்ஃபுல் டே" என்பதில் பேசுபவர் ஆணா பெண்ணா என்று ஆங்கிலம் கேட்பதில்லை. தமிழில் தன்மையில் பேசும்போது நாமும் கேட்பதில்லை. ரஷ்ய மொழியின் இறந்தகால வினையோ ஒருமையில் தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றிலும் பால் காட்டும். நாளைக் கழித்தேன் என்று ஆண் சொன்னால் "ப்ரவ்யோல்", பெண் சொன்னால் "ப்ரவெலா". ஒரே ஒரு விடையைத் தரும் இயந்திரம் பொதுவாக ஆண்பாலையே தேர்ந்துகொள்கிறது. ஆகவே நன்றிக் கடிதம் எழுதும் பெண், கவனிக்காமல் அனுப்பினால், ஆணின் குரலில் பேசியவராகிறார். இதைத் தவிர்க்க ரஷ்யர்களே கையாளும் அழகான வழி ஒன்று உண்டு. "தியேன் ப்ரஷோல் ப்ரெக்ராஸ்னா", நாள் அருமையாகக் கழிந்தது, என்று நாளையே எழுவாயாக்கிவிட்டால் பேசுபவரின் பாலைக் காட்ட வேண்டிய தேவையே எழுவதில்லை. ஆனால் இந்த வழியை இயந்திரம் தானாக முன்வந்து சொல்லாது. ஆங்கில வாக்கியம் எழுவாயை எங்கே வைத்திருக்கிறதோ அங்கேயே வைப்பதில்தான் அதற்கு நாட்டம்.

முன்னிலைச் சொல்லிலும் இதே நிலைதான். ஆங்கிலத்தின் "யூ" ரஷ்ய மொழியில் "தி" என்றும் "வி" என்றும் பிரிகிறது. ஏறத்தாழ நம்முடைய நீ, நீங்கள் என்னும் பாகுபாடு அது. டீப்எல் இதற்கென ஒரு தேர்வைத் தருகிறது; மரியாதை வடிவம் வேண்டுமா, நெருக்க வடிவம் வேண்டுமா என்று நாமே குறிப்பிடலாம். வாழ்த்துகளை மொழிபெயர்ப்பவருக்கு இது பெரிய வசதி. மற்ற இடங்களில், ஒரே கடிதத்தின் முதல் பத்தியில் நீங்கள் என்றும் மூன்றாம் பத்தியில் நீ என்றும் வந்துவிடாமல் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் இருக்கும் ஒரு நன்மையைச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத் தொடரை நேரடியாக ரஷ்ய மொழிக்கு மாற்ற முயலாமல் முதலில் மனத்துக்குள் நல்ல தமிழில் சொல்லிப் பார்த்தால், ஆங்கிலம் மூடி வைத்திருக்கும் கேள்விகளில் பாதி தாமாகவே திறந்துகொள்கின்றன. "ஹாலிடே" என்னும் ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது பண்டிகையாக இருந்தால் ரஷ்ய மொழியில் "ப்ராஸ்னிக்", வேலையிலிருந்து எடுக்கும் விடுப்பாக இருந்தால் "ஓத்புஸ்க்", பள்ளி விடுமுறையாக இருந்தால் "கனிகுலி". பண்டிகை, விடுப்பு, விடுமுறை என்று தமிழில் பிரித்துக்கொண்டவர் ரஷ்ய மொழியில் பெரும்பாலும் தடுமாற மாட்டார். தேனிலவைச் சொல்லும் "மெதோவி மேஸித்ஸ்" என்ற தொடரில் வரும் "மேஸித்ஸ்" நிலவையும் மாதத்தையும் ஒருசேரக் குறிக்கும். திங்கள் என்ற சொல்லை அறிந்த நமக்கு அதில் வியப்பில்லை. ஆங்கிலம் வழியாக மட்டும் வருபவருக்கு அது விளக்கம் தேவைப்படும் செய்தி.

வேற்றுமையிலும் உறவு தெரிகிறது. எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதைப் போலவே ரஷ்யர்களும் "ம்னே வேஸெலா" என்கிறார்கள். "ம்னே" என்பது நம் எனக்கு. இன்று எனக்கு அதிர்ஷ்டமான நாள் என்னும் பொருளில் ஆங்கிலம் "மை லக்கி டே" என்று பெயர்ச்சொல்லாகச் சொல்வதை, ரஷ்ய மொழி "ம்னே ஸிவோத்ன்யா வெஸ்யோத்" என்று வினையாகச் சொல்வதையே விரும்புகிறது. "ஷாஸ்லிவி தியேன்" என்று பெயராகவும் சொல்லலாம். ஆனால் "ஷாஸ்லிவி" என்பதற்கு மகிழ்ச்சியான, அதிர்ஷ்டமான என்ற இரண்டு பொருளும் உண்டு. எண்களின் முதல் பாதிக் கூட்டலும் இரண்டாம் பாதிக் கூட்டலும் ஒத்துவரும் பேருந்துச் சீட்டை ரஷ்யர்கள் "ஷாஸ்லிவி பிலேத்" என்பது இந்த இரண்டாம் பொருளில்தான். உங்களைப் பார்த்ததில் மகிழ்ச்சி என்ற சாதாரண மரியாதைக்கு இச்சொல்லின் குறுவடிவத்தைப் பயன்படுத்தினால் உணர்ச்சி மிகையாகிவிடும். அங்கே ஆணுக்கு "ராத்", பெண்ணுக்கு "ராதா" என்பதே அளவானது.

இனித் தரவகத்துக்கு வருகிறேன். ரஷ்ய மொழியின் தேசியத் தரவகம் 2004 ஏப்ரலில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. ரஷ்ய அறிவியல் கழகத்தின் வினோகிராதவ் ரஷ்ய மொழி நிறுவனம் இப்பணியில் முன்னின்றது. தேடல் தொழில்நுட்பத்தில் யாண்டெக்ஸ் பங்களித்தது. கட்டணம் கிடையாது. முதன்மைத் தரவகத்தில் மட்டும் 30 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. அதனுடன் செய்தித்தாள், பேச்சு வழக்கு, கவிதை, வட்டார வழக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பிரிவுகளும் உண்டு. நமக்கு மிகவும் வேண்டியது இணைமொழித் தரவகம் என்னும் பிரிவு. அதில் ஆங்கில வாக்கியமும் அதன் ரஷ்ய மொழிபெயர்ப்பும் அருகருகே நிற்கின்றன. ரஷ்ய மூலத்திலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றவையும் அதில் அடக்கம். ஆங்கிலத் தொடரை உள்ளிட்டால், தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்கள் அதை வெவ்வேறு படைப்புகளில் எப்படியெல்லாம் தீர்த்துவைத்தார்கள் என்பது வரிசையாக வருகிறது.

இதன் பயனை உணர "ரெட் லெட்டர் டே" என்பதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. திருச்சபை நாள்காட்டிகளில் புனிதர்களின் திருநாள்களைச் சிவப்பு மையில் எழுதிய வழக்கத்திலிருந்து பிறந்த ஆங்கிலத் தொடர் அது. ரஷ்ய மொழியிலும் "க்ராஸ்னி தியேன் கலெந்தர்யா", நாள்காட்டியின் சிவப்பு நாள், என்ற தொடர் இருக்கிறது. நிறமும் ஒன்று, நாள்காட்டியும் ஒன்று. இயந்திரமோ அகராதியோ இவ்விரண்டையும் இணைத்துவிட்டால் குறைசொல்லத் தோன்றாது. ஆனால் அத்தொடர் வரும் வாக்கியங்களைப் படித்தால் வேறுபாடு தெரியும். ரஷ்யத் தொடர் முதன்மையாக அரசு விடுமுறை நாளைச் சுட்டுகிறது. அதிலும் சோவியத் காலத்தின் நவம்பர் 7, அதாவது அக்டோபர் புரட்சியின் ஆண்டு நாள், அதன் பின்னணியில் எப்போதும் நிற்கிறது. 2005 முதல் அந்த நாள் விடுமுறையாக இல்லை. அதற்குப் பதிலாக நவம்பர் 4 வந்துவிட்டது. இருந்தும் தொடரின் மேல் படிந்த சோவியத் நிறம் போகவில்லை. பேத்தி பிறந்த நாள் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பொன்னாள் என்று ஆங்கிலத்தில் இத்தொடரால் சொன்னதை ரஷ்ய மொழிக்குக் கொண்டுசெல்லும்போது அரசு விழாவின் சாயல் வந்து ஒட்டிக்கொண்டால், வேடிக்கை நோக்கம் இருந்தாலொழிய, அது பொருந்தாது. அங்கே "ஸ்னமெனாதெல்னி தியேன்", சிறப்புமிக்க நாள், என்பதே பொருந்தும். "க்ராஸ்னி" என்ற சொல்லுக்குப் பழைய ரஷ்ய மொழியில் அழகிய என்ற பொருளும் இருந்தது. மாஸ்கோவின் செஞ்சதுக்கம் அப்பொருளில்தான் அப்பெயர் பெற்றது.

நினைவில் நிற்கும் நாள் என்பதிலும் தரவகம் தரும் தெளிவு பெரிது. "மெமரபிள் டே" என்பதற்கு "பாமித்னி", "நிஸபிவாயெமி" என்ற இரு பெயரடைகள் உடனே கிடைக்கும். முதலாவது நினைவு என்ற சொல்லிலிருந்தே வருவதால் அதுதான் நேரிணை என்று தோன்றும். ஆனால் "பாமித்னயா தாதா" என்பது அரசு நினைவுகூரும் தேதியின் பெயர். இராணுவப் பெருமை நாள்களையும் நினைவு தேதிகளையும் வரையறுக்கும் ரஷ்யக் கூட்டாட்சிச் சட்டமே 1995இலிருந்து இருக்கிறது. 1941இல் ஜெர்மனியுடனான போர் தொடங்கிய ஜூன் 22ஆம் நாள் நினைவும் துயரமும் கலந்த நாளாக அங்கே அனுசரிக்கப்படுகிறது. எனவே "பாமித்னி" என்ற சொல் மகிழ்ச்சி, துயரம் இரண்டுக்கும் பொதுவாக, சற்றே விறைப்பாக நிற்கிறது. கடற்கரையில் நண்பர்களோடு கழித்த நாளுக்கு மறக்கமுடியாத என்னும் "நிஸபிவாயெமி" தான் இயல்பு. இந்த வேறுபாட்டை விதியாக எழுதி வைத்த அகராதியைத் தேட வேண்டியதில்லை. இரண்டு சொற்களையும் தரவகத்தில் தேடி, அவற்றின் பக்கத்தில் எந்தெந்தப் பெயர்ச்சொற்கள் வருகின்றன என்று ஒரு திரை அளவு படித்தாலே போதும். சொல்லின் அருகில் வரும் சொற்களே அதன் குணத்தைச் சொல்லிவிடுகின்றன.

"எவ்ரி டாக் ஹாஸ் இட்ஸ் டே" என்பதற்கு நமக்கும் ஒரு காலம் வரும் என்று பொருள்கொள்வோம். ரஷ்யர்கள் "பூதித் இ ந நாஷெய் ஊலித்ஸெ ப்ராஸ்னிக்", நம் தெருவிலும் திருவிழா வரும், என்கிறார்கள். மொழிபெயர்ப்புக் கருவிகள் இதைச் சரியாகவே இணைக்கின்றன. ஆயினும் ஆங்கிலப் பழமொழி எளியவர் எவருக்கும் ஒருநாள் வாய்ப்புக் கிடைக்கும் என்று பொதுவாகச் சொல்ல, ரஷ்யத் தொடரில் நாம் என்ற கூட்டமும் எதிரே மற்றொரு தரப்பும் இருக்கின்றன. 1942 நவம்பர் 7 அன்று, ஸ்டாலின்கிராதுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஸ்டாலின் வெளியிட்ட ஆணையில் இத்தொடர் இடம்பெற்றது என்பதை அறிந்தால் அதன் வேகம் புரியும். தேர்வில் தோற்ற தம்பிக்கு ஆறுதல் சொல்லவும் இதைப் பயன்படுத்தலாம். ஆனால் வென்றவரைப் பார்த்து அடுத்த முறை பார்த்துக்கொள்வோம் என்ற தொனி அதில் கலந்திருப்பதை அறிந்து பயன்படுத்த வேண்டும்.

மிகவும் கடினமானது "யூ மேட் மை டே" என்னும் நான்கே சொற்கள் கொண்ட சின்னஞ்சிறு வாக்கியம். இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த ரஷ்ய வடிவம் இளையோர் பேச்சில் இப்போது உலவுகிறது. மொழித் தூய்மையில் அக்கறை கொண்டவர்கள் அதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அவ்வடிவம் தவறா, சரியா என்று தீர்ப்பளிப்பதைவிட, அது எவர் வாயில் பொருந்தும் என்று அறிவதே மொழிபெயர்ப்பாளருக்குப் பயன். இருபது வயதுத் தோழிக்கு அனுப்பும் செய்தியில் அது இருக்கலாம்; ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு எழுதும் மடலில் கூடாது. அங்கே "வி மின்யா தாக் பராதவலி", நீங்கள் என்னை அவ்வளவு மகிழ்வித்துவிட்டீர்கள், என்பது பொருத்தம். நெருங்கிய ஒருவரிடம் என்றால் ஆணுக்கு "பராதவல்", பெண்ணுக்கு "பராதவலா" என்று முடிவு மாறும். இவற்றைவிட எனக்குப் பிடித்தது "தியேன் உதல்ஸ்யா" என்ற இரு சொல் வாக்கியம். நாள் நன்றாக அமைந்துவிட்டது என்பது அதன் பொருள். பாராட்டப்படுபவரை அது நேரடியாகச் சுட்டுவதில்லை என்பதால் எல்லா இடத்திலும் ஈடாகாது. ஆனாலும் மாலை, விருந்து, விழா என எதனோடும் சேர்ந்து வரும் இந்த வினையை இணைமொழிப் பக்கங்களில் தேடுவதைவிட, ரஷ்யர் ரஷ்யருக்கே எழுதிய முதன்மைத் தரவகத்தில் தேடுவது நல்லது. மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தின் நிழல் எப்போதும் சிறிது விழுந்திருக்கும்.

இதை ஒட்டிச் சொல்ல வேண்டிய மற்றொன்று "வாட் எ டே". களிப்பிலும் சொல்லலாம், களைப்பிலும் சொல்லலாம். ரஷ்ய மொழியில் நாள் என்பதற்கு "தென்யோக்" என்னும் குறுமைச் செல்ல வடிவம் உண்டு. "அத்லீச்னி தென்யோக்" என்றால் அருமையான நாள், பெரும்பாலும் வெயில் இதமாக இருக்கும் நாள். "நு இ தென்யோக்" என்றால் அப்பாடா, என்ன நாள் இது என்ற பெருமூச்சு. செல்ல வடிவத்தைப் பார்த்து இரண்டாவதை மகிழ்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது. முன்பின் வாக்கியங்கள் இல்லாமல் இதைத் தனியே எந்த இயந்திரத்திடம் கொடுத்தாலும் விடை குருட்டாம்போக்குதான்.

தரவகத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். இணைமொழிப் பிரிவில் பெரும்பங்கு இலக்கியப் படைப்புகள். ஆகவே கைப்பேசிச் செய்திகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் புழங்கும் இன்றைய தொடர்களுக்கு அங்கே சான்று மெலிந்தே கிடைக்கும். பழைய மொழிபெயர்ப்புகளில் வரும் அழகான சொற்கள் இன்று முதியோர் வாயில் மட்டும் வாழ்பவையாக இருக்கலாம். ஒவ்வொரு எடுத்துக்காட்டின் கீழும் உள்ள ஆண்டைப் பார்க்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. ரஷ்யச் சொற்களை ரஷ்ய எழுத்தில்தான் உள்ளிட வேண்டும் என்பதால் விசைப்பலகையை அமைத்துக்கொள்வது கட்டாயம். வேற்றுமை, வினைவகை ஆகியவற்றைக் குறிப்பிட்டுத் தேடும் வசதி மிக வலிமையானது, ஆனால் ரஷ்ய இலக்கணத்தின் அடிப்படையை அறியாதவர் அந்தப் பெட்டிகளின் முன் திகைத்து நிற்க நேரும். மொழி கற்கத் தொடங்கி எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையில் உள்ளவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேற்றுமை உருபுகளை அடையாளம் காணத் தெரிந்தவர் தயங்காமல் நுழையலாம்.

மல்டித்ரானைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2001இலிருந்து இணையத்தில் இருக்கும் இந்த அகராதியில் பயனர்களும் பதிவுகளைச் சேர்க்கிறார்கள்; அதனால் வேறெங்கும் காணாத பேச்சுத் தொடர்களுக்கும் அங்கே விடை இருக்கும். நாள் முழுவதையும் ஓரிடத்தில் களிப்பாகக் கழிப்பதைச் சொல்லும் "மேக் எ டே ஆஃப் இட்" போன்றவற்றுக்கு முதலில் அங்கேதான் போவேன். ஆனால் பதிவுகளின் தரம் ஒருசீராக இருக்க இயலாது. ஒரு விடைக்கும் அடுத்த விடைக்கும் உள்ள தொனி வேறுபாட்டை அது பெரும்பாலும் விளக்குவதில்லை. அதில் கிடைத்ததைத் தரவகத்தில் சரிபார்ப்பதே முறை.

வாழ்த்து வாய்பாடுகளைத் தனியாகப் பேச வேண்டும்; ஏனெனில் இங்கே சொல்லைவிட வேற்றுமையே ஆட்சி செய்கிறது. "ஹேவ் எ நைஸ் டே" என்பதற்கு "ஹரோஷெவ த்ன்யா" என்கிறார்கள். எழுவாய் இல்லை, வினை இல்லை. நல்ல நாளின் என்று ஆறாம் வேற்றுமை வடிவம் மட்டும் நிற்கிறது. விரும்புகிறேன் என்னும் "ஜெலாயு" அதற்கு முன் தொக்கி நிற்கிறது, அந்த வினை ஆறாம் வேற்றுமையை ஏற்பது. அதைப் போலவே "ஸ் நோவிம் கோதம்" என்னும் புத்தாண்டு வாழ்த்துக்கும் "ஸ் த்ன்யோம் ரஜ்தேனியா" என்பதற்கும் முன்னால் வாழ்த்துகிறேன் என்னும் "பஸ்த்ரவ்ல்யாயு" மறைந்திருக்கிறது. அது "ஸ்" என்ற முன்னுருபையும் நம் மூன்றாம் வேற்றுமையை ஒத்த வடிவத்தையும் வேண்டுகிறது. இந்த இரண்டு அச்சுகளைப் புரிந்துகொண்டவர் புதுவீடு, பயணத்திலிருந்து திரும்பியது, திருமண நாள் என எதற்கும் தாமே வாழ்த்தை அமைத்துக்கொள்ளலாம். அவற்றைக் கலந்துவிடுவதே கற்பவர்களிடம் அடிக்கடி காணும் பிழை.

"ஹேப்பி ஆனிவர்சரி" என்பதில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஆண்டு நிறைவுக்கு "கதவ்ஷீனா", "யூபிலேய்" என்ற இரு சொற்கள் உள்ளன. முன்னது மறைந்தவரின் நினைவு நாளுக்கும் உரியது. எனவே திருமணத்தின் என்பதைச் சேர்த்து "ஸ் கதவ்ஷீனய் ஸ்வாத்பி" என்று எழுதுவதே பாதுகாப்பு. பின்னது ஐம்பது, அறுபது போன்ற முழு எண்களின் கொண்டாட்டம். ஏழாம் ஆண்டு நிறைவுக்கு அதைப் போட்டால் விசித்திரமாக ஒலிக்கும்.

காலமும் பார்க்க வேண்டும். புத்தாண்டுக்குச் சில நாள் முன்பே "ஸ் நஸ்துபாயுஷிம்", வரவிருப்பதற்கு வாழ்த்து, என்று சொல்வது இயல்பு. பிறந்தநாளுக்கு முன்கூட்டி வாழ்த்துவதை மட்டும் ரஷ்யர் பலர் அபசகுனமாகக் கருதுகிறார்கள். முன்கூட்டிய வாழ்த்தைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரை இயந்திரம் பிழையின்றிப் பெயர்த்துத் தரும். அனுப்பலாமா என்பதை அது சொல்லாது. தாமதமாக வாழ்த்துவதில் தடையில்லை. "ஸ் ப்ரஷேத்ஷிம் த்ன்யோம் ரஜ்தேனியா" என்று கடந்துபோன பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லிவிடலாம்.

அட்டையை அனுப்புவதற்கு முன் எழுத்துமுறையைச் சரிபார்க்க, 2000 நவம்பரிலிருந்து இயங்கிவரும் கிரமோத்தா என்னும் ரஷ்ய மொழித் தளத்தைப் பரிந்துரைக்கிறேன். அதன் கேள்வி பதில் பகுதியில் மொழி வல்லுநர்கள் விடையளிக்கிறார்கள். முந்தைய விடைகளைத் தேடிப் படிக்கவும் முடியும். புத்தாண்டு என்ற பெயரில் முதல் சொல்லுக்கு மட்டுமே பெரிய எழுத்து, பிறந்தநாள் என்பதில் இரண்டு சொற்களுக்குமே சிறிய எழுத்து ஆகியவை அங்கே அடிக்கடி வரும் கேள்விகளைச் சேர்ந்தவை. ரஷ்யர்களே பரவலாகத் தவறவிடும் இடங்கள் இவை என்பதால், இணையத்தில் கண்ட வாழ்த்து அட்டையைப் பார்த்து எழுதுவது பாதுகாப்பான வழியன்று. தளம் முழுவதும் ரஷ்ய மொழியில்தான் இருக்கிறது. கேள்விப் பகுதியில் அந்த வாழ்த்தையே தேடல் பெட்டியில் ஒட்டினால் உரிய விடைக்குப் போய்ச் சேரலாம்.